கிரைண்டரை எடுக்கறதுக்கு முன்னாடி: மஸில் காரும் அதோட உடம்பும்

கார் பைத்தியம் பிடிச்ச நாலு பேர் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரு சண்டையில்தான் முடியும். 1960களின் அமெரிக்க மஸில் கார் ஒன்று கையில் கிடைத்தால், அதை அப்படியே ஒரிஜினலா வைக்கணுமா, இல்ல நம்ம இஷ்டத்துக்கு உருவத்தை மாத்தலாமா? ஒரு கட்சி, "கம்பெனி போட்ட ஸ்க்ரூவைக்கூட தொடக் கூடாது" என்று நிற்கும். இன்னொரு கட்சி, அகலமான ஃபெண்டர், பெரிய ஸ்பாய்லர், பானட்டில் ஓட்டை என்று ஃபோனில் படமாகக் காட்டிக்கொண்டே இருக்கும். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸில் டொமினிக் ஓட்டும் 1970 சார்ஜர் இந்த இரண்டாவது கட்சியின் குலதெய்வம்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். மாத்தலாமா கூடாதா என்பது கேள்வியே இல்லை. எந்த இடத்தில் மாத்தறோம், எதுக்காக மாத்தறோம், நாளைக்கு வேண்டாம்னா திரும்பக் கழட்ட முடியுமா, இந்த மூணும்தான் கேள்வி. போல்ட்டில் நிற்கிற பாகத்தில் தாராளமா விளையாடலாம். வெல்டில் நிற்கிற பாகத்தை வெட்ட அழகு மட்டும் காரணமா இருக்கக் கூடாது. ஏன்னு கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

கம்பெனியே வெட்டிய கார்

"ஒரிஜினல்" கட்சிக்காரர்கள் முதலில் ஒரு வரலாற்றைப் படிக்கணும். மஸில் காரின் உடம்பை முதலில் வெட்டி ஒட்டியது தெருவோர டிங்கரிங் கடை இல்லை. கம்பெனிகளேதான்.

மஸில் கார் காலத்தின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சொல்வது 1964 போன்டியாக் ஜிடிஓ. அதன் சூத்திரம் ரொம்ப சிம்பிள். நடுத்தர அளவு குடும்பக் கார் ஒன்றில், பெரிய காருக்கான 389 கன அங்குல வி8 எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். அதாவது மஸில் கார் என்பதே பிறவியிலேயே ஒரு மாடிஃபிகேஷன்.

அடுத்து 1968 டாட்ஜ் சார்ஜர். இடுப்பில் ஒடுங்கி, பின்னால் அகலும் கோக் பாட்டில் உருவம். முன்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரில், உள்ளே தள்ளி இருக்கும், ஹெட்லைட் மூடிக்குள் மறைந்திருக்கும். பின்கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவில் குழியில் உட்கார்ந்திருக்கும். அந்த வருஷம் மட்டும் சுமார் 96,000 கார் விற்றது. பார்க்க அவ்வளவு அழகு.

அந்த அழகே நாஸ்கார் ஓட்டத்தில் எதிரியாகிவிட்டது. உள்ளே தள்ளிய கிரில் காற்றை வாளி மாதிரி பிடித்தது. பின்கண்ணாடிக் குழியில் காற்று சுழன்று, காரின் பின்பக்கத்தைத் தூக்கியது. வேகம் கூடக் கூட கார் ரோட்டை விட்டு மேலே எழும்பப் பார்த்தது. எஞ்சினில் குதிரைத்திறன் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

டாட்ஜ் எஞ்சினியர்கள் என்ன செய்தார்கள்? முதலில் சார்ஜர் 500 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொரோனெட் காரின் கிரில்லை எடுத்து முன்னுக்கு இழுத்துப் பொருத்தினார்கள். பின்கண்ணாடிக் குழியை மூடி, கூரையோடு சரிவாக இணைத்தார்கள். அதுவும் பத்தவில்லை. ஃபோர்டு தன் டொரினோ டல்லடேகாவின் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றது. உடனே 1969இல் சார்ஜர் டேடோனா பிறந்தது. முன்னால் 18 அங்குல இரும்பு மூக்கு. பின்னால் 23 அங்குல உயரத்தில் அலுமினிய இறக்கை. ஓட்டத்தில் அனுமதி வேண்டுமானால் தெருவுக்கும் விற்க வேண்டும் என்ற விதி இருந்ததால், 500க்குச் சற்றே அதிகமான டேடோனாக்கள் தயாராகி ஷோரூமுக்கு வந்தன. 1970 மார்ச் 24 அன்று டல்லடேகா ஓட்டப்பாதையில் பட்டி பேக்கர் ஓட்டிய டேடோனா மணிக்கு 200.447 மைல் தொட்டது. மூடிய ஓட்டப்பாதையில் ஸ்டாக் கார் ஒன்று 200 மைலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருஷம் பிளிமத் தன் பங்குக்கு சூப்பர்பேர்டைக் கொண்டுவந்தது. மூக்கை ஒட்டுவதற்கு வசதியாக, பக்கத்து வீட்டு டாட்ஜ் கொரோனெட்டின் முன் ஃபெண்டரையும் பானட்டையும் எடுத்துப் போட்டார்கள். பின்கண்ணாடியைச் சுற்றி வெட்டி ஒட்டிய வெல்ட் தழும்பு அசிங்கமாகத் தெரியும் என்பதால், கூரை மேல் வினைல் துணியை ஒட்டி மறைத்தார்கள். அப்படியும் பல சூப்பர்பேர்டுகள் விற்காமல் ஷோரூமிலேயே கிடந்தன. சில டீலர்கள் மூக்கையும் இறக்கையையும் கழட்டி, சாதாரண ரோட் ரன்னராக மாற்றி விற்றார்கள். இன்றைக்கு அதே கார் ஏலத்தில் பல லட்சம் டாலருக்குப் போகிறது.

இப்ப சொல்லுங்க, எது ஒரிஜினல்? அவசரத்தில் வெட்டி, பக்கத்து மாடலின் பாகத்தை ஒட்டி, தழும்பைத் துணியால் மூடிய கார்தான் இன்று எல்லோரும் கும்பிடும் ஒரிஜினல். அதனால் "தொடவே கூடாது" என்ற வாதம் வரலாற்றின் முன் நிற்காது.

ஆனா ஒண்ணு கவனிங்க

டாட்ஜ் வெட்டியது அழகுக்காக இல்லை. சொல்லப்போனால் அழகைக் கெடுத்துத்தான் வெட்டினார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வி.

காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதைத் தாண்டத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 80 கி.மீ. வேகத்தில் போகிற காரை 320க்குக் கொண்டு போங்க. வேகம் 4 மடங்கு. விசை 16 மடங்கு. காற்றை மட்டும் கிழிக்கத் தேவையான திறன் 64 மடங்கு. அந்த உயரத்தில் எஞ்சினைப் பெருசாக்கிக்கொண்டே போவதை விட, மூக்கைக் கூராக்குவது மலிவு. இறக்கைக்கும் இதே கணக்குதான். 320இல் பின் டயரை ரோட்டோடு அழுத்தும் இறக்கை, 80இல் அதில் பதினாறில் ஒரு பங்குதான் அழுத்தும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடிக்கப் போகும் காருக்கு 23 அங்குல இறக்கை எதற்கு? வேலையே இல்லாத ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது மாதிரி. எடை கூடுது, பின்னால் வருவது மறையுது, டிக்கி மூடியில் ஓட்டை விழுது. கிடைப்பது படம் மட்டும்தான்.

அதே சமயம் முன் பம்பருக்குக் கீழே ஒரு சின்ன லிப் ஸ்பாய்லர் போட்டால் கதை வேற. காருக்கு அடியில் நுழையும் காற்று குறையும், முன்பக்கம் தூக்குவது குறையும். ஹைவே வேகத்திலேயே ஸ்டியரிங்கில் வித்தியாசம் தெரிய வாய்ப்பு உண்டு. நாலு போல்ட்டில் நிற்கும். வேண்டாம்னா அரை மணி நேரத்தில் கழட்டிடலாம். இறக்கை அளவுக்கு லைக் வராது, அவ்வளவுதான்.

மூச்சு விடாத மூக்கு

பானட் ஸ்கூப்புக்கு வருவோம். மஸில் கார் என்றாலே பானட்டில் மூக்குத்துளை வேணும்னு ஒரு நம்பிக்கை. எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போனால் அடர்த்தி அதிகம், ஆக்ஸிஜன் அதிகம், அதனால் திறன் கொஞ்சம் கூடும். தத்துவம் சரிதான்.

இதை ஒழுங்காகச் செய்தவர்கள் உண்டு. 1970 செவெல் எஸ்எஸ்ஸில் ஷெவர்லே கொடுத்த கௌல் இன்டக்‌ஷன் பானட்டைப் பாருங்க. அதன் வாய் முன்னால் பார்க்காது, பின்னால் பார்க்கும். பார்த்தால் தப்பாகப் பொருத்திய மாதிரி இருக்கும். ஆனா கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதி அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் உள்ள காற்றைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கும்போது எஞ்சின் வேக்குவம் குறையும், உடனே ஒரு சின்னக் கதவு திறக்கும். மற்ற நேரம் மூடியே இருக்கும். பிளிமத் பாராகுடாவின் ஷேக்கர் ஸ்கூப் இன்னொரு வகை. ஸ்கூப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து, பானட்டில் உள்ள ஓட்டை வழியாக வெளியே தலை நீட்டும். எஞ்சின் ஆடினால் அதுவும் ஆடும். பேரே அதனால் வந்ததுதான்.

இப்ப ஒரு கசப்பான உண்மை. எல்லாத்துக்கும் மூத்த 1964 ஜிடிஓவின் பானட்டில் இருக்கும் இரண்டு ஸ்கூப்பும் அலங்காரம். உள்ளே வழி இல்லை. அடுத்த வருஷ மாடலுக்குத்தான் அதைத் திறந்து உண்மையான காற்று வழியாக மாற்றும் கிட் டீலரிடம் கிடைத்தது.

அப்ப கம்பெனியே பொய் ஸ்கூப் வெச்சுதே, நாங்க வெச்சா மட்டும் தப்பா? நியாயமான கேள்வி. என் பதில்: அந்த ஜிடிஓவில் அடைத்த ஸ்கூப்பை அடைத்தபடியே விடுங்க. 1964இல் ஒரு கம்பெனி வேகத்தை எப்படி விற்றது என்பதற்கு அது சாட்சி. ஆனா 60 வருஷம் கழித்து நாம் ஒரு நல்ல பானட்டை வெட்டி, காற்றே போகாத பிளாஸ்டிக் மூக்கை ஒட்டினால், அது எதற்கும் சாட்சி இல்லை. ஸ்கூப் வேணுமா? தனியா ஒரு பானட் வாங்கி, அதில் உண்மையான வழி வெச்சு, ஏர் கிளீனரோடு இணைங்க. பழைய பானட்டைத் துணி சுத்தி மேலே தூக்கி வைங்க. கீல் போல்ட்டைக் கழட்டினால் பானட் மாறிவிடும். வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

போல்ட் எது, வெல்ட் எது

இந்தக் கட்டுரையின் நடு முதுகெலும்பு இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமா படிங்க.

சார்ஜர், மஸ்டாங் இரண்டும் யூனிபாடி கார்கள். லாரிக்கு இருப்பது போல் தனி சேஸி கிடையாது. தரை, தூண், கூரை, பின்பக்கத் தகடு எல்லாம் ஒன்றோடொன்று வெல்ட் ஆகி, அந்த மொத்தப் பெட்டியே பாரத்தைச் சுமக்கிறது. ஜிடிஓ, செவெல் வேற ரகம். அவற்றில் தனி ஃபிரேம் உண்டு, உடம்பு அதன் மேல் உட்காரும்.

யூனிபாடியில் பானட், முன் ஃபெண்டர், கிரில், பம்பர், டிக்கி மூடி எல்லாம் போல்ட். அவை பெரும்பாலும் மேல் சட்டை. மாத்தினாலும் உள்ளே எலும்பு அப்படியே இருக்கும். ஆனா பின் ஃபெண்டர், அமெரிக்கர்கள் குவார்ட்டர் பேனல் என்று சொல்வது, வெல்ட். கூரைத் தூணும் வீல் கிணறும் தரையும் அப்படியே. இவை சட்டை இல்லை, எலும்பு. பெரிய டயர் நுழையணும்னு உள் வீல் கிணற்றை வெட்டுவது, கூரையை இரண்டு அங்குலம் இறக்குவது, பின்தூணை மெலிய வைப்பது எல்லாம் அழகு வேலை மாதிரி தெரியும். உண்மையில் அது கட்டமைப்பு வேலை. ஏற்கெனவே அந்தக் காலத்துப் பெட்டிகளின் முறுக்கு விறைப்பு இன்றைய காரோடு ஒப்பிட்டால் குறைவு. அதில் கிழித்துவிட்டு மேலே இரண்டு மடங்கு குதிரைத்திறன் ஏற்றினால், முதலில் கதவு இடைவெளி கோணும், அப்புறம் கண்ணாடி ஓரத்தில் விரிசல் வரும்.

நல்ல பட்டறைகள் இதைத் தெரிந்துதான் செய்கின்றன. வெட்டுவதற்கு முன் உள்ளே தாங்கு கம்பி கட்டுவார்கள், வெட்டிய இடத்தில் வலு சேர்ப்பார்கள், பிறகு அளந்து பார்ப்பார்கள். பிரச்சினை அவர்களிடம் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு வீட்டு கராஜில் கிரைண்டரை ஆன் செய்பவரிடம்தான். அவர் வெட்டிவிட்டு, வளைந்த இடத்தை அரை அங்குலம் பட்டி பூசி மூடுவார். பெயின்ட் பளபளன்னு இருக்கும். இரண்டு கோடை போனதும் பட்டி வெடித்துத் தோல் உரியும்.

1967 ஷெல்பி ஜிடி500 இந்த விஷயத்தில் நல்ல பாடம். சாதாரண மஸ்டாங்கிலிருந்து அதை வேறாக்கிக் காட்டியது எது? ஃபைபர் கிளாஸில் நீட்டிய முன்முகம், ஃபைபர் கிளாஸ் பானட், நுனி தூக்கிய டிக்கி மூடி, மெர்குரி கூகரிலிருந்து எடுத்த டெயில் லைட், பக்கவாட்டில் ஒட்டிய ஸ்கூப்புகள். பெரும்பாலும் மேல் சட்டை. எலும்புக்கூடு மஸ்டாங்கினுடையதே. தூரத்தில் பார்த்தாலே இது வேற கார்னு தெரியும். அவ்வளவு பெரிய மாற்றத்துக்குக் கூரையை வெட்டத் தேவைப்படவில்லை.

டயர்தான் வில்லன்

பெரும்பாலான வெட்டுகளுக்கு உண்மையான காரணம் ஸ்டைல் இல்லை, டயர். 1968 சார்ஜர் ஆர்டியில் 375 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த 440 எஞ்சின் இருந்தது. அதை ரோட்டில் பிடித்து வைக்க இருந்தது 14 அங்குல வீலில் ஒல்லி டயர். இன்றைய கண்ணுக்கு சைக்கிள் டயர் மாதிரி. அதனால் அகலமான டயர் வேணும்னு கேட்பது நூறு சதவீதம் நியாயம். பிரேக், டயர் இரண்டையும் நல்லதாக மாற்றாமல் பழைய காரை வேகமாக ஓட்டுவதைத்தான் நான் தப்புன்னு சொல்வேன்.

ஆனா அகலமான டயர் என்றதும் ஃபெண்டரைக் கிழிக்க ஓடக் கூடாது. முதலில் வீல் ஆஃப்செட்டை மாற்றிப் பாருங்க. டயர் வெளியே தள்ளி நிற்காமல் உள்ளே போகும். அது பத்தாதா? லீஃப் ஸ்பிரிங்கை உள்பக்கம் நகர்த்தும் கிட் கிறைஸ்லர் கார்களுக்கு ரொம்ப நாளாகவே கிடைக்கிறது. அதன் பிறகும் இடம் போதவில்லை என்றால் உள் கிணற்றை அகலமாக்கலாம். வெளித் தகடு தப்பிக்கும். கடைசியாகத்தான் ஃபெண்டரை வெளியே வீங்க வைப்பது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் அத்தனை சார்ஜர்களின் இடுப்பு வளைவு காணாமல் போயிருக்கிறது. அந்த வளைவு போனால் அந்தக் காரில் மிச்சம் என்ன இருக்கு?

கழட்டுவதும் கஸ்டம்தான்

உடம்பை மாற்றுவது என்றால் எதையாவது சேர்ப்பது என்று நினைக்கிறோம். 1968இல் வந்த புல்லிட் படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டும் மஸ்டாங்கைப் பாருங்க. கிரில்லில் இருக்க வேண்டிய குதிரை இல்லை. ஜிடி பட்டைகள் இல்லை. கிரில் முழுக்கக் கறுப்பு. உடம்பு அடர் பச்சை. ஒரு துண்டு தகடுகூடச் சேர்க்கவில்லை, கழட்டியது மட்டும்தான். ஐம்பது வருஷம் கழித்தும் ஃபோர்டு அந்தத் தோற்றத்தில் புது மஸ்டாங் விற்றது.

அந்தப் படத்தில் ஓடிய காரே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. பளபள பெயின்ட் கிடையாது. துருவும் கீறலும், படப்பிடிப்புக்காகச் செய்த வேலைகளின் தடயமும் அப்படியே இருந்தன. கட்டணம் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. புதுசு மாதிரி மினுக்கியிருந்தால் இவ்வளவு மதிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். அதன் மதிப்பே அந்த உடம்பில் பதிந்த கதையில்தான் இருந்தது.

மறுபக்கம், 2000இல் வந்த கான் இன் 60 செகண்ட்ஸ் படத்தின் எலினோர். வீங்கிய முகம், நடுவில் இரண்டு விளக்கு, பக்கவாட்டு ஸ்கர்ட். அந்தப் படத்துக்கு அது அருமையான வேலை. பிறகு நடந்ததுதான் சோகம். பழைய ஃபாஸ்ட்பேக் மஸ்டாங் கிடைத்தவர்கள் எத்தனையோ பேர் அதே முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். கஸ்டம் என்றால் தனித்துவம்னு சொல்லிட்டு, எல்லாரும் ஒரே சலூனில் ஒரே கட்டிங் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"என் காரு, என் காசு"

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மியூசியத்தில் ஓடாமல் நிற்கும் காரை விட, யாரோ ஆசையாக மாற்றி தினமும் ஓட்டும் கார் எனக்குப் பிடிக்கும். அந்தக் காலத்திலேயே கார் வாங்கிய மறுநாளே வீலை மாற்றுவார்கள், பின்பக்கத்தைத் தூக்குவார்கள். அந்தப் பாணிக்கு இன்று "டே டூ" என்றே பெயர். மாற்றுவது அந்தக் கலாசாரத்தின் ரத்தத்தில் உண்டு.

ஆனா எண்ணிக்கை ஒரு பக்கம்தான் போகும். 1979 முதல் 1985 வரை ஓடிய டியூக்ஸ் ஆஃப் ஹசார்ட் தொலைக்காட்சித் தொடருக்காக, ஆரஞ்சு நிறம் பூசி, பாய விட்டு நொறுக்கிய சார்ஜர்கள் சுமார் 300 என்பார்கள். 1969 மாடல் பத்தாமல், 1968 மாடலின் கிரில்லையும் வட்ட டெயில் லைட்டையும் மாற்றி 69 போல் காட்டினார்கள். கடைசியில் கார் கிடைப்பதே கஷ்டமாகி, பொம்மைக் காரைப் பாய விட்டுப் படம் எடுத்தார்கள். அன்றைக்கு அவை வெறும் பழைய கார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கிறார்கள்.

துருப்பிடித்து, தரை போய், பாதிக் கூடாகக் கிடக்கும் கார் இருக்கு. அதை எப்படி வேணா மாத்துங்க, காப்பாத்தினதுக்கு நன்றி. ஆனா முதல் எஞ்சின், முதல் தகடு, எஞ்சின் அறையில் நிறம் முதல் ஆக்ஸில் வரை குறியீடு அடித்த ஃபெண்டர் டேக் எல்லாம் அப்படியே இருக்கும் காரை ஸ்டைலுக்காக வெட்டுவது, ஒரே ஒரு காப்பி இருக்கும் ரெக்கார்டு நோட்டில் கிறுக்குவது மாதிரி. கிறுக்கல் நல்லாவே இருக்கலாம். ஆனா அடியில் இருந்ததை இனி யாராலும் படிக்க முடியாது.

இதுக்கு வழி இல்லாமலும் இல்லை. 1967 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், 1969 கமாரோ போன்றவற்றுக்குப் புத்தம் புது இரும்பு உடம்பே இப்போது தயாராகிறது. டைனகார்ன் என்ற நிறுவனம் முழு ஷெல்லாக விற்கிறது. அகலமாக்கணுமா, கூரையை இறக்கணுமா, அதில் செய்யுங்க. துரு இல்லை, பழைய பட்டி இல்லை, எந்த வரலாறும் அழியாது. "அது ஒரிஜினல் இல்லையே"ன்னு கேட்டா, அடையாளமே தெரியாத அளவுக்கு வெட்டப் போகிற காருக்கு ஒரிஜினல் தகடு எதற்குங்க?

சரி, என்ன பண்ணலாம்?

எப்பவாவது நம்ம கையில் இப்படி ஒரு கார் வரலாம். சம்பாதித்து வாங்கலாம், இல்லை டிசைன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து ஒருத்தருக்காகச் செய்யலாம். அதுவரைக்கும் கம்ப்யூட்டரில் மாடல் போட்டுப் பழகும்போதுகூட இந்த வரிசை உதவும்.

முதலில் அந்தக் காரை அந்தக் கார் ஆக்கும் மூன்று கோடுகளை எழுதி வைங்க. 68 சார்ஜருக்கு என்றால் மறைந்த விளக்கோடு கறுப்பு முகம், இடுப்பு வளைவு, பின்கண்ணாடித் தூண்கள். அந்த மூன்றையும் தொடாமல் மற்றதில் கை வைங்க. அடுத்து, சேர்க்கப்போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் அது செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதுங்க. குளிர்விக்குது, அழுத்துது, டயருக்கு இடம் தருது, இப்படி ஏதாவது. எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அது நகை. நகை போடலாம், போல்ட்டில் போடுங்க. கடைசியாக, வெல்ட் இருக்கும் இடத்தை வெட்டியே ஆகணும் என்றால், முதலில் அளவெடுங்க, படம் எடுங்க, தாங்கு கம்பி கட்டுங்க, வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்க. அந்தக் காலக் கார்களில் கூரையும் பின் ஃபெண்டரும் சேரும் இணைப்பை ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள். அதைத் தேய்க்கும்போது தூசி நுரையீரலுக்குப் போகாமல் சரியான மாஸ்க் கட்டாயம்.

கழட்டியது எதையும் எடைக்குப் போடாதீங்க. பானட், கிரில், எம்பளம், சின்னச் சின்ன கிளிப் வரைக்கும் ஒரு பெட்டியில் போட்டு, எது எங்கே இருந்ததுன்னு சீட்டு எழுதி ஒட்டுங்க. கார் கை மாறும்போது சாவியோடு அந்தப் பெட்டியையும் கொடுங்க. அடுத்து வாங்குபவருக்கு நம்ம ரசனை பிடிக்காமல் போகலாம். ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு வார லீவும் இருந்தால் அவர் பழைய காரைத் திரும்ப எடுத்துக்கட்டும்.